சூட்டைப் பார்க்கும் கண்: சாமுவேல் லாங்லியின் கதை



2020-ல் நம் மெயின் கேட்டில் செக்யூரிட்டி தம்பி துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை நெற்றிக்கு நேரே நீட்டுவாரே, ஞாபகம் இருக்கிறதா? நம்மைத் தொடாமலே நம் உடம்புச் சூட்டைச் சொல்லிவிடும். வெயிலில் நடந்து வந்தவர்களை நிழலில் ஐந்து நிமிடம் உட்கார வைத்து, மறுபடி பார்த்து உள்ளே விடுவார்கள். அப்போது அதை ஒரு தொந்தரவாகத்தான் நினைத்தேன். அதன் உள்ளே இருப்பது என்ன என்று கேட்கத் தோன்றவில்லை.

சமீபத்தில் பூங்கா பெஞ்சில் மாலை அரட்டையில் பேச்சு ஏவுகணைகள் பக்கம் போனது. எங்கேயோ நடக்கும் போரில் பாய்ந்து வரும் ஏவுகணையை நடுவானிலேயே அழித்துவிட்டதாகச் செய்தி. அவ்வளவு வேகமாகப் போகிற பொருளை எப்படிப் பார்க்கிறார்கள் என்று ஒருவர் கேட்டார். ரேடார் என்றார் ஒருவர். அதுவும் உண்டு, ஆனால் அதன் சூட்டை வைத்தும் பார்க்கிறார்கள் என்றார் இன்னொருவர். நான் பி.காம். படித்துவிட்டு வங்கியில் எழுத்தராகவே காலம் கழித்தவன். இயற்பியலுக்கும் எனக்கும் பள்ளிக்கூடத்தோடு உறவு முடிந்தது. ஆனால் கேள்வி மனதில் தங்கிவிட்டது. தேடிப் படித்தபோது ஒரு மனிதர் அகப்பட்டார். அவரைத்தான் இந்த இதழில் உங்களுக்கு அறிமுகம் செய்கிறேன். பெயர் சாமுவேல் பியர்பாண்ட் லாங்லி. இறந்து நூற்று இருபது வருடங்கள் ஆகப் போகின்றன அல்லது ஆகிவிட்டன, இதழ் உங்கள் கைக்கு எப்போது வருகிறது என்பதைப் பொறுத்து.

முதலில் அந்த ஏவுகணை விஷயம். ஏவுகணை கிளம்பும்போது அதன் வாலில் பெரும் தீப்பிழம்பு இருக்கும். அந்தப் பிழம்பு நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் விடுவதில்லை. அகச்சிவப்புக் கதிர்களையும் ஏராளமாக வீசுகிறது. கண்ணுக்குத் தெரியாத, ஆனால் தோலில் சூடாக உறைக்கும் கதிர்கள் அவை. அவற்றைப் பிடிக்கும் உணரி ஒன்று இருந்தால் வெகு தூரத்திலிருந்தே ஏவுகணையைக் கண்டுபிடித்துவிடலாம். ஒரே சிக்கல், தரையில் இருந்து பார்த்தால் காற்றில் உள்ள ஈரமும் மேகமும் அந்தக் கதிர்களில் பெரும் பங்கை விழுங்கிவிடும். அதனால் உணரியை விமானத்தில் ஏற்றி மேகத்துக்கு மேலே கொண்டுபோக வேண்டும்.

அமெரிக்காவில் 1987-ல் ஒரு போயிங் 767 விமானத்தின் முதுகில் ஒட்டகத் திமில் மாதிரி ஒரு கூண்டு கட்டி, அதற்குள் பெரிய அகச்சிவப்பு உணரியை வைத்துப் பறக்கவிட்டார்கள். பிறகு ஒரு போயிங் 747. அதைச் சுற்றி ஆறு அகச்சிவப்பு உணரிகள். அவை ஏவுகணையின் பிழம்பைக் கண்டுபிடிக்கும். அடுத்து ஒரு சிறு லேசர் ஏவுகணையின் உடலைத் தொட்டுப் பின்தொடரும். மற்றொரு லேசர் இடையில் உள்ள காற்று எவ்வளவு கலங்கி இருக்கிறது என்று அளந்து சொல்லும். கடைசியாக மூக்கில் உள்ள பெரிய லேசர் ஏவுகணையின் உடலைச் சுட்டுப் பிளக்கும். 2010 பிப்ரவரி 11-ம் தேதி கலிபோர்னியா கடற்கரைக்கு அப்பால் அது ஒரு சோதனை ஏவுகணையை அப்படி அழித்தும் காட்டியது. ஆனால் லேசர் எட்டும் தூரம் போதவில்லை. எதிரி நாட்டின் வானத்துக்குள்ளேயே போய்ச் சுற்றிக்கொண்டிருந்தால்தான் பயன் என்று கணக்குப் பார்த்துத் திட்டத்தைக் கைவிட்டார்கள். 2012-ல் அரிசோனா பாலைவனத்தில் கொண்டுபோய் நிறுத்தி, 2014-ல் உடைத்துப்போட்டார்கள். ஐந்நூறு கோடி டாலர் செலவு என்கிறார்கள். நம் சங்கத்தின் பராமரிப்புக் கணக்கில் ஜெனரேட்டர் டீசலுக்கே கேள்வி கேட்கும் நமக்கு அந்தத் தொகை தலையில் ஏறாது.

இதில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன, பாருங்கள். ஒன்று, சூட்டை நுட்பமாக உணரும் கருவி. இரண்டு, அதை மேலே தூக்கிப் போகும் விமானம். இந்த இரண்டிலும் கைவைத்த ஒரே ஆள் லாங்லி. ஒன்றில் ஜெயித்தார். இன்னொன்றில் ஊர் சிரிக்கத் தோற்றார். உலகம் தோல்வியைத்தான் ஞாபகம் வைத்துக்கொண்டது.

1834 ஆகஸ்ட் 22-ல் பாஸ்டன் நகரை ஒட்டிய ராக்ஸ்பரியில் பிறந்தார். அப்பா வியாபாரி. பையன் பள்ளிப் படிப்பை 1851-ல் முடித்தான். கல்லூரிக்குப் போகவில்லை. பிற்காலத்தில் உலகம் முழுக்கப் பல்கலைக்கழகங்கள் கௌரவப் பட்டம் கொடுத்த ஒருவர் கல்லூரி வாசலை மிதித்ததில்லை என்பதை நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. சிகாகோவிலும் செயின்ட் லூயிஸிலும் பல வருடங்கள் கட்டட வரைபடம் போடும் வேலை பார்த்தார். முப்பது வயதில் அதை விட்டுவிட்டு ஊர் திரும்பி, தம்பியோடு சேர்ந்து கையாலேயே கண்ணாடி தேய்த்துத் தொலைநோக்கி செய்தார். அந்தக் கைவேலைதான் அவருக்கு ஹார்வர்டு வானாய்வகத்தில் உதவியாளர் வேலை வாங்கிக் கொடுத்தது. அங்கிருந்து கடற்படைக் கல்லூரி. 1867-ல் பிட்ஸ்பர்க் பக்கத்தில் அலெகெனி வானாய்வகத்துக்கு இயக்குநர்.

இயக்குநர் என்றால் பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். ஊரில் உள்ள வசதியானவர்கள் ஆசைப்பட்டுக் கட்டி, பராமரிக்க முடியாமல் பல்கலைக்கழகத்திடம் தள்ளிவிட்ட வானாய்வகம் அது. பதின்மூன்று அங்குலத் தொலைநோக்கி ஒன்று இருந்தது. மற்றபடி கருவியும் இல்லை, காசும் இல்லை. லாங்லி என்ன செய்தார் தெரியுமா? நேரத்தை விற்றார்!

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் ஊருக்கு ஒரு நேரம். ரயில்களுக்கு அது பெரிய தலைவலி. நட்சத்திரங்களைப் பார்த்துச் சரியான நேரத்தைக் கணித்து, தந்தி மூலம் பென்சில்வேனியா ரயில்வேக்கு அனுப்ப 1869-ல் ஒப்பந்தம் போட்டார். வருடா வருடம் பணம் வந்தது. அதை வைத்துத்தான் ஆராய்ச்சி நடந்தது. நம் மதராஸ் வானாய்வகமும் பின்னாளில் இதே மாதிரி தந்தியில் நேரம் அனுப்பியது, இந்திய ரயில்கள் மதராஸ் நேரத்தில் ஓடின என்பதை இந்த இடத்தில் சொல்லிக்கொள்ள வேண்டும். வருமானத்துக்கு வழி செய்துவிட்டுச் செலவைத் தொடங்கிய இந்த லாங்லியை எனக்கு மிகவும் பிடிக்கும்.

1872-ல் ஒரு கூத்து நடந்தது. தொலைநோக்கியின் பெரிய லென்ஸை எவனோ கழற்றிக்கொண்டு போய்விட்டான். பணம் கொடுத்தால் திருப்பித் தருகிறேன் என்று பேரம். லாங்லி அவனை நேரில் சந்தித்தும் பணம் தர மறுத்துவிட்டார். இன்று நான் கொடுத்தால் நாளை நாட்டில் ஒரு தொலைநோக்கியில்கூட லென்ஸ் மிஞ்சாது என்பது அவர் கணக்கு. கடைசியில் லென்ஸ் கிடைத்தது, கீறல்களோடு. ஆல்வன் கிளார்க் என்ற கைதேர்ந்த லென்ஸ்காரர் அதை மறுபடி தேய்த்துக் கொடுத்தார். முன்னைவிட நன்றாகவே தெரிந்தது என்கிறார்கள்.

இனி முக்கியமான கட்டம். சூரிய ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் சிவப்புக்கு அப்பாலும் சூடு இருக்கிறது என்பதை 1800-லேயே வில்லியம் ஹெர்ஷல் சாதாரண வெப்பமானியை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார். அகச்சிவப்பு என்பது அதுதான். ஆனால் அந்தப் பகுதியைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் எவ்வளவு சூடு என்று அளக்க யாரிடமும் கருவி இல்லை. அப்போது இருந்த தெர்மோபைல் என்ற கருவிக்கு அவ்வளவு நுட்பம் போதவில்லை. லாங்லி 1878-லிருந்து இரண்டு வருடம் உட்கார்ந்து புதிதாக ஒன்று செய்தார். போலோமீட்டர் என்று பெயர் வைத்தார்.

அது எப்படி வேலை செய்கிறது என்பதை எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன். உலோகம் சூடானால் அதில் மின்சாரம் ஓடுவது கொஞ்சம் கடினமாகும். லாங்லி தலைமுடி மாதிரி மெல்லிய இரண்டு உலோகப் பட்டைகளை எடுத்துக்கொண்டார். இரண்டிலும் விளக்குக்கரி பூசினார். ஒன்றின் மேல் கதிர் விழும். மற்றது மறைவில் இருக்கும். இரண்டிலும் ஒரே அளவு மின்சாரம். கதிர் விழாதவரை இரண்டு பக்கமும் சமம், முள் அசையாது. கதிர் பட்டு ஒரு பட்டை கொஞ்சம் சூடானாலும் சமன் கெட்டுவிடும், முள் நகரும். ட்ரையல் பேலன்ஸ் போட்டவர்களுக்குச் சட்டென்று புரியும். மொத்தத் தொகை எவ்வளவு பெரியதாக இருந்தாலும் கவலை இல்லை. இரண்டு பக்கமும் டேலி ஆகாமல் பத்து பைசா வித்தியாசம் வந்தால் அது பளிச்சென்று தெரியும். லாங்லி செய்தது அதுதான். சூட்டை அளக்கவில்லை, சூட்டின் வித்தியாசத்தை அளந்தார். அறையே சூடானாலும் இரண்டு பட்டையும் சேர்ந்தே சூடாகும், முள் ஏமாறாது.

ஒரு டிகிரியில் லட்சத்தில் ஒரு பங்கு மாற்றத்தைக்கூட அது காட்டியது. கால் மைல் தூரத்தில் நிற்கும் பசுவின் உடம்புச் சூட்டை உணர்ந்துவிடும் என்று அதைப் பற்றி இன்றும் சொல்வார்கள். நாலு பர்லாங்கில் பாதி தூரம், அங்கே ஒரு மாடு, அதன் சூடு இங்கே முள்ளில் தெரிகிறது. மின்விளக்கே வீடுகளுக்கு வராத காலம்!

கருவி கையில் வந்ததும் அவருக்குப் புரிந்த முதல் விஷயம், நடுவில் உள்ள காற்றுதான் எதிரி என்பது. சூரியனிலிருந்து கிளம்பும் கதிரில் எவ்வளவு பங்கைக் காற்று தின்றுவிட்டு மீதியைத் தருகிறது? கீழே இருந்து பார்த்தால் தெரியாது. மேலே போக வேண்டும். 1881-ல் ராணுவத்தின் சிக்னல் பிரிவு உதவ, வில்லியம் தா என்ற பிட்ஸ்பர்க் செல்வந்தர் பணம் தர, கலிபோர்னியாவின் விட்னி மலைக்குக் கிளம்பினார். 4,400 மீட்டர் உயரம். நம் ஆனைமுடியைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல். ரயில், பிறகு கொளுத்தும் பாலைவனத்தில் வண்டி, பிறகு கோவேறு கழுதை. மூச்சு பட்டாலே ஆடிப்போகும் கருவிகளைக் கழுதை முதுகில் கட்டிக்கொண்டு மலையேறுவதை நினைத்துப் பாருங்கள்.

அடிவாரத்தில் லோன் பைன் என்ற ஊரில் ஒரு அணி. மேலே முகாமில் ஒரு அணி. இரண்டு இடத்திலும் அளந்து வித்தியாசம் பார்ப்பது, அதாவது மறுபடியும் டேலி பார்க்கும் வேலை. மேலே காற்று சில்லென்று இருக்கும், ஆனால் வெயில் முகத்தைப் பொசுக்கிவிடும். கொடைக்கானலில் தொப்பி இல்லாமல் படகு விட்டவர்களுக்கு அந்த அனுபவம் கொஞ்சம் உண்டு. சூரியனின் அகச்சிவப்பு, அதுவரை எல்லோரும் நினைத்த எல்லையைத் தாண்டி வெகுதூரம் நீள்கிறது என்பதை லாங்லி அங்கேதான் பார்த்தார். ஈரம் விழுங்கும் இடங்கள் எவை, விடும் இடங்கள் எவை என்பதும் தெரிய ஆரம்பித்தது. 1987-ல் போயிங் விமானத்தின் முதுகில் உணரியை ஏற்றியவர்கள் செய்ததும் இதே வேலைதான். அவர்களுக்குக் கழுதைக்குப் பதில் ஜெட் இன்ஜின்.

ஒன்றை மறைக்கக்கூடாது. அந்தப் பயணத்திலிருந்து, காற்றுக்கு வெளியே சூரிய வெப்பம் எவ்வளவு என்று லாங்லி சொன்ன எண் தப்பு. உண்மையைவிட ஒன்றரை மடங்கு. அளவுகள் சரி, கடைசியில் போட்ட கணக்கில் பிசகு. இருபது வருடங்கள் கழித்து அவருடைய உதவியாளர் சார்லஸ் ஆபட் போன்றவர்கள்தான் திருத்தினார்கள். ஆனால் அளவுகளை அவர் ஒளிக்காமல் அச்சிட்டு வைத்திருந்ததால்தான் மற்றவர்களால் திருத்த முடிந்தது. நிலவிலிருந்து வரும் அகச்சிவப்பையும் அளந்து வெளியிட்டார். அந்த எண்களை எடுத்துத்தான் ஸ்வீடன் நாட்டு அர்ரேனியஸ் 1896-ல், காற்றில் கரியமில வாயு கூடினால் பூமி எவ்வளவு சூடாகும் என்று முதல் கணக்குப் போட்டார். இன்று நாம் புவி வெப்பமாதல் என்று பேசுகிறோமே, அதன் பேரேட்டில் முதல் பக்கத்துப் பதிவுகளில் பல லாங்லி எழுதியவை.

1887-ல் வாஷிங்டன் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் செயலாளர் ஆனார். அங்கே செயலாளர்தான் தலைமை அதிகாரி. தேசிய மிருகக்காட்சி சாலையும் ஒரு வானியற்பியல் ஆய்வகமும் அவர் காலத்தில் வந்தவை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கூச்ச சுபாவம், பழக விறைப்பானவர், கீழே வேலை பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் சிம்ம சொப்பனம். ஆனால் குழந்தைகளுக்காக அருங்காட்சியகத்தில் தனி அறை ஒன்று அமைத்தார், அவர்கள் கண் மட்டத்துக்கு ஏற்ற மாதிரி.

இன்னொரு சம்பவத்தைச் சொல்லாமல் போக முடியாது. 1901-ல் பசிபிக் தீவான டஹிட்டிக்குப் போனபோது, அங்கே பூசாரிகள் தீமிதி நடத்துவதைப் பார்த்தார். நம் ஊர்போலத் தணல் அல்ல, சுட்ட கற்கள். பக்தி என்றோ பித்தலாட்டம் என்றோ எழுதிவிட்டு வரவில்லை. நடுக்குழியிலிருந்து ஒரு கல்லை எடுக்கச் சொல்லி வாளித் தண்ணீரில் போட்டார். தண்ணீர் சுமார் பன்னிரண்டு நிமிடம் கொதித்தது. சூடு நிஜம். பிறகு ஒரு துண்டைக் கப்பலில் வாஷிங்டனுக்குக் கொண்டுவந்து சோதித்தார். துளைகள் நிறைந்த எரிமலைக் கல் அது, சூட்டை மிக மெதுவாகக் கடத்துவது. உள்ளே கொதித்தாலும் மேல்பரப்பு பாதத்துக்குச் சீக்கிரம் சூட்டைத் தராது. நடந்தவர்களைக் கேலி செய்யாமல், நடந்ததற்குக் காரணம் கண்டுபிடித்த விதம் எனக்குப் பிடித்திருந்தது.

சரி, விமானத்துக்கு வருவோம். 1886-ல் ஒரு அறிவியல் மாநாட்டில் பறவைகள் சிறகடிக்காமல் மிதப்பதைப் பற்றி ஒருவர் பேசினார். கேட்டவர்கள் பலரும் நகைத்தார்கள். லாங்லிக்கு மட்டும் பொறி தட்டியது. சுழலும் பெரிய கை ஒன்றை அமைத்து, அதன் நுனியில் தகடுகளையும் பஞ்சடைத்த பறவைகளையும் கட்டிச் சுற்றவிட்டு, காற்று எவ்வளவு தூக்குகிறது என்று அளந்தார். பிறகு சிறு மாதிரிகள். பலமுறை தோல்வி.

1896 மே 6. வாஷிங்டனுக்குக் கீழே பொடோமாக் ஆற்றில் ஒரு படகுவீடு. அதன் கூரையிலிருந்து ஸ்பிரிங் விசையால் ஏவப்பட்ட ஆள் இல்லாத நீராவி விமானம், நாலு மீட்டர் இறக்கை, வட்டமடித்துக்கொண்டே ஏறி, சுமார் ஒரு கிலோமீட்டர் பறந்து, நீராவி தீர்ந்ததும் பூப்போலத் தண்ணீரில் இறங்கியது. பக்கத்தில் நின்று பார்த்துப் படம் எடுத்தவர் டெலிபோன் கண்டுபிடித்த கிரகாம் பெல். இன்ஜின் பொருத்திய, காற்றைவிடக் கனமான ஒரு பொருள் அவ்வளவு தூரம் பறந்தது அதுதான் முதல் தடவை. நவம்பரில் இன்னொரு மாதிரி அதைவிட அதிக தூரம் போனது.

லாங்லி அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவும் நினைத்தார். என் பங்கு வேலை முடிந்தது, இனி இதை வியாபாரமாக்கி நடைமுறைக்குக் கொண்டுவருவது மற்றவர்கள் வேலை என்ற அர்த்தத்தில் 1897-ல் பத்திரிகையில் எழுதியும் விட்டார். அறுபத்து மூன்று வயது. நம்மில் பலர் ரிடையர் ஆகி மூன்று வருடம் ஆகியிருக்கும் வயது. அடுத்த வருடமே ஸ்பெயினோடு போர் மூண்டது. ஆள் ஏறிப் பறக்கும் விமானம் செய்து தாருங்கள் என்று ராணுவத் துறை 50,000 டாலர் நீட்டியது. வாங்கிக்கொண்டார்.

இங்கேதான் தவறு நடந்தது என்பது என் அபிப்பிராயம். சிறு மாதிரியை அப்படியே நாலு மடங்கு பெரிதாக்கினார். பெரிய உடம்புக்கு வேண்டிய பலம் கட்டமைப்பில் வரவில்லை. காற்றில் சாய்ந்தால் நிமிர்த்த வழி ஒழுங்காக இல்லை. சார்லஸ் மேன்லி என்ற உதவியாளர் செய்த 52 குதிரைசக்தி இன்ஜின் மட்டும் அந்தக் காலத்தில் அதிசயம். பணம் தீர்ந்து, ஸ்மித்சோனியன் நிதியிலிருந்தும் போட வேண்டி வந்தது.

1903 அக்டோபர் 7. பத்திரிகைக்காரர்கள் கூடியிருக்க, மேன்லி ஏறி உட்கார்ந்தார். விசை விடுபட்டது. விமானம் நேரே ஆற்றுக்குள் போனது. இரண்டே நாளில் ஒரு பெரிய பத்திரிகை, மனிதன் பறக்கப் பத்து லட்சம் வருடங்களாவது ஆகும் என்ற தோரணையில் கேலி எழுதியது. டிசம்பர் 8-ல் மறுபடி. பனிக்கட்டி மிதக்கும் ஆறு. இந்த முறை காற்றிலேயே உடைந்து மல்லாந்து விழுந்தது. மேன்லி உடைசலுக்கு அடியில் சிக்கி, சட்டையைக் கிழித்துக்கொண்டு எப்படியோ பிழைத்து வந்தார். நாடாளுமன்றத்தில் மக்கள் பணத்தை ஆற்றில் கொட்டியதாகக் கூச்சல். ராணுவம் கையை விரித்துவிட்டது.

ஒன்பது நாள் கழித்து, டிசம்பர் 17-ல், ரைட் சகோதரர்கள் பறந்தார்கள். அவர்கள் செலவு ஆயிரம் டாலரைத் தாண்டவில்லை. சைக்கிள் கடைக்காரர்களின் சொந்தப் பணம். பறப்பது பற்றிப் படிக்க என்ன இருக்கிறது என்று 1899-ல் அவர்கள் கடிதம் எழுதிக் கேட்டது லாங்லி தலைமை வகித்த ஸ்மித்சோனியனுக்குத்தான் என்பதும், அங்கிருந்து புத்தகங்கள் போனதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஊர் சிரித்ததைக்கூட லாங்லி தாங்கிக்கொண்டார் என்றே நினைக்கிறேன். 1905-ல் வந்தது வேறு. ஸ்மித்சோனியனின் கணக்காளர், அவர் முழுக்க நம்பிய மனிதர், நிறுவனப் பணத்தில் பெருந்தொகையைக் கையாடல் செய்திருப்பது வெளியானது. லாங்லி ஒரு சல்லிக்காசு தொட்டதாக யாரும் சொல்லவில்லை. ஆனால் தலைமையில் இருப்பவன் நான், பொறுப்பு என்னுடையது என்று, அதன்பின் தன் சம்பளத்தை வாங்க மறுத்துவிட்டார்.

இந்த இடத்தில் படிப்பதை நிறுத்திக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நான் வேலை பார்த்த ஒரு கிளையில் ஒரு நாள் கேஷ் குறைந்தது. இரவு ஒன்பது மணி வரை கட்டுகளைப் பிரித்துப் பிரித்து எண்ணினோம். இரட்டைச் சாவியில் ஒன்று இருந்த அதிகாரி, தான் கையெழுத்துப் போட்டது சும்மா சம்பிரதாயத்துக்கு, எண்ணியது காஷியர்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டார். விதிப்படி அவர் சொன்னது செல்லாது என்று எல்லோருக்கும் தெரியும். காஷியர் மாதா மாதம் சம்பளத்திலிருந்து கட்டினார். கையெழுத்துப் போட்டவன் பொறுப்பு என்பது சர்க்குலரில் இருக்கும், நடைமுறையில் பார்ப்பது அரிது. லாங்லி மேற்பார்வையில் கோட்டை விட்டார் என்பது உண்மை. ஆராய்ச்சியில் மூழ்கிக் கணக்கைப் பார்க்காமல் விட்டிருக்கிறார், அதை நான் மூடி மறைக்க மாட்டேன். ஆனால் அதற்கான விலையைத் தானே கட்டினார்.

அந்த நவம்பரில் பக்கவாதம் தாக்கியது. உடம்பு தேற தெற்கே தெற்கு கரோலினாவின் எய்கன் என்ற ஊருக்குப் போனார். அங்கேயே 1906 பிப்ரவரி 27-ல் காலமானார். வயது எழுபத்தொன்று.

அவர் போன பிறகும் வம்பு ஓயவில்லை. 1914-ல் ஸ்மித்சோனியன் அந்தப் பழைய விமானத்தை எடுத்து, பல மாற்றங்கள் செய்து சற்றே பறக்கவிட்டு, பறக்கும் திறன் கொண்ட முதல் விமானம் லாங்லியுடையதே என்று பலகை வைத்தது. இது அவர் கேட்டதும் இல்லை, அவருக்கு மரியாதையும் இல்லை. மனம் நொந்த ஆர்வில் ரைட், தங்கள் விமானத்தை 1928-ல் லண்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டார். 1942-ல்தான் ஸ்மித்சோனியன் தவறை ஒப்புக்கொண்டது. 1948-ல் ரைட் விமானம் ஊர் திரும்பியபோது ஆர்வில் உயிரோடு இல்லை.

லாங்லியின் பெயர் ஒரு விமானத் தளத்துக்கும், நாசாவின் ஆய்வு மையத்துக்கும், அமெரிக்காவின் முதல் விமானந்தாங்கிக் கப்பலுக்கும் வைக்கப்பட்டது. உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. இருக்கும் லாங்லி வேறு, அதற்கும் இவருக்கும் சம்பந்தம் இல்லை. சூரிய வெப்பத்தை அளக்கும் ஓர் அலகுக்கும் லாங்லி என்றே பெயர். போலோமீட்டரோ சாகவே இல்லை. 1980-களில் ஹனிவெல் நிறுவனம் ராணுவத்துக்காக ரகசியமாக அதை ஒரு சில்லுக்குள் ஆயிரக்கணக்கில் அடுக்கியது. தீயணைப்பு வீரர்கள் புகைக்குள் ஆளைத் தேடுவதும், எலக்ட்ரீஷியன்கள் சூடாகும் ஒயரைக் கண்டுபிடிப்பதும் அந்தச் சில்லு வைத்த கேமராவில்தான். நம் கேட்டில் நீட்டிய துப்பாக்கியில் இருப்பது அதன் பங்காளியான தெர்மோபைல். லாங்லி போதாது என்று ஒதுக்கினாரே, அதே வகை, இன்று நுண்ணியதாக வந்திருக்கிறது. ஏவுகணையைத் தேடும் விமானங்களில் இருப்பவை வேறு ஜாதி. கதிர் பட்டுச் சூடாவதற்குக் காத்திராமல், கதிர் பட்டவுடனே மின்சாரம் மாறும் படிகங்கள். கடுங்குளிரில் வைத்தால்தான் வேலை செய்யும். ஆனால் எந்த அகச்சிவப்பு காற்றைத் தாண்டி வரும், எது வராது என்ற வரைபடம் இரண்டுக்கும் ஒன்றே. அதைப் போட ஆரம்பித்தவர்களில் முக்கியமானவர் விட்னி மலையில் முகம் பொசுங்க நின்றவர்.

நம் குடியிருப்பில் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் வீடுகள் குறைவில்லை. வாஷிங்டன் பக்கம் போனால், டல்லஸ் விமான நிலையத்தை ஒட்டி ஸ்மித்சோனியனின் உட்வார்-ஹேஸி என்ற பெரிய விமானக் காட்சியகம் இருக்கிறது. ஊரிலிருந்து போய் இறங்கும் விமான நிலையம் பல பேருக்கு அதுதான். உள்ளே போர் விமானங்களுக்கும் விண்கலத்துக்கும் நடுவே, முன்னும் பின்னுமாக இரண்டு ஜோடி இறக்கை வைத்த, தட்டான் பூச்சி மாதிரி ஒன்று இருக்கும். ஆற்றில் இரண்டு முறை விழுந்த விமானம் அதுதான். பேரக்குழந்தைகள் ராக்கெட் பக்கம் இழுப்பார்கள். நீங்கள் ஒரு நிமிடம் அங்கே நின்று பார்த்துவிட்டுப் போங்கள்.